வரைபடத்தில் பச்சை, நிலத்தில் கோண்டோ? ரிம்பா கியாரா வழக்கு நமக்கு ஏன் முக்கியம்

உங்கள் தாமானுக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் அம்மா நடக்கப் போகும் இடம். மாலையில் பையன்கள் பந்து விளையாடும் இடம். ஒரு நாள் அங்கே தகர வேலி வருகிறது. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகை வருகிறது: இத்தனை மாடி, இத்தனை யூனிட். "இது பார்க்குன்னுதானே பிளான்ல போட்டிருந்தாங்க?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

பிளானில் போட்டிருந்தால் போதுமா? அந்தப் பிளான் அரசாங்கத்தையே கட்டுப்படுத்துமா, இல்லை வெறும் ஆசைப் பட்டியலா? நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி இதற்குப் பதில் சொன்னது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா பற்றிய வழக்கு அது. ஊடகங்களில் "பணக்காரத் தாமான் பார்க்கைக் காப்பாற்றியது" என்ற அளவில் பேசப்பட்டு, பலரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கதையின் நடுவில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், முன்னாள் ரப்பர் தோட்டப் பாட்டாளிகள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், புல்தரை எப்படி உள்கட்டமைப்பு ஆகும்?

உள்கட்டமைப்பு என்றதும் சாலை, கால்வாய், மின்கம்பி, எல்.ஆர்.டி. தண்டவாளம் என்றுதான் நினைப்போம். பசுமை உள்கட்டமைப்பு என்பது அதே வேலையைச் செய்யும் மரம், புல், குளம், சதுப்பு நிலம், ஆற்றங்கரை. மழை கொட்டும்போது மண் தண்ணீரைக் குடிக்கிறது, மிச்சத்தை மெதுவாக விடுகிறது. தார் போட்ட நிலம் ஒரு சொட்டையும் குடிக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கால்வாய்க்குள் தள்ளிவிடும். கால்வாய் நிறைந்தால் அடுத்தது உங்கள் கார் போர்ச்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மழை நிற்காமல் பெய்தபோது ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் ஏறி உதவிக்குக் காத்திருந்ததை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வெள்ளங்களின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

வெள்ளத்துக்கு அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் உலக அளவில் பேசப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு. 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதி சாலை, பெருமழை நாளில் கார்களை வெளியேற்றிவிட்டு முழுச் சுரங்கத்திலும் வெள்ளத்தை விடுவார்கள். குளங்களையும் சேர்த்து 30 லட்சம் கன மீட்டர் நீரைத் தாங்கும். ஏறக்குறைய 190 கோடி ரிங்கிட் செலவானது. ஆனால் மேட்டில் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கொஞ்சம் மண் தாரால் மூடப்பட்டால், எத்தனை சுரங்கம் தோண்டினாலும் துரத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் இது தெரியும். 2000-ஆம் ஆண்டில் அது வெளியிட்ட நகர்ப்புற மழைநீர் வழிகாட்டி நூலின் அடிப்படைக் கருத்தே, ஒரு நிலத்தில் கட்டடம் கட்டிய பிறகு அங்கிருந்து பாயும் உச்ச நீரோட்டம் கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக் கூடாது என்பதுதான்.

ஆக, திறந்தவெளியை வைத்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. சரி, அதை வைத்திருப்போம் என்று அரசாங்கம் எங்கே எழுதி வைக்கிறது?

இரண்டு புத்தகங்கள்

கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டு கூட்டரசு பிரதேசத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. அதன்படி இரண்டு ஆவணங்கள். ஒன்று கட்டமைப்புத் திட்டம்: நகரம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கொள்கையாகச் சொல்வது. இன்னொன்று உள்ளூர்த் திட்டம்: எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் பூங்கா, எவ்வளவு அடர்த்தி என்று நிலம் நிலமாக வரைபடத்தில் காட்டுவது. இரண்டும் அரசிதழில், நாம் கெஜட் என்று சொல்கிறோமே அதில், வெளியான பிறகுதான் சட்ட பலம் பெறும்.

2020-ஐ இலக்காகக் கொண்ட கட்டமைப்புத் திட்டம் 2004-இல் வந்தது. அதைத் தொடர்ந்து வர வேண்டிய உள்ளூர்த் திட்டத்தின் வரைவு 2008-இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அது கெஜட் ஆனது எப்போது தெரியுமா? 2018 அக்டோபர். பத்து வருஷம்! 2020 வரைக்கான திட்டம் 2018-இல் சட்டமாகிறது என்றால், தீபாவளி முடிந்த மறுவாரம் முறுக்கு மாவு பிசைந்த கதைதான். நடுவில் போன அந்தப் பத்து ஆண்டுகளில் கே.எல். எப்படி வளர்ந்தது என்பதை நிமிர்ந்து பார்த்தாலே தெரியும்.

ரிம்பா கியாரா விவகாரம் சரியாக இந்த இடைவெளியில்தான் நடந்தது.

பார்க்குக்குள் 54 மாடி

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 2004 கட்டமைப்புத் திட்டம் அந்தப் பகுதியை நகரப் பூங்காவாகக் குறித்தது. அதன் விளிம்பில் சுமார் 25 ஏக்கரில் இருப்பது ரிம்பா கியாரா. மரம், நடைபாதை, சிறு ஓடை. சனி ஞாயிறு போனால் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம்.

2017 ஜூலையில் டி.பி.கே.எல்., அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றம், அதில் 12 ஏக்கரில் ஒரு மேம்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. கூட்டரசு பிரதேச அறவாரியமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து செய்யும் திட்டம். 42 முதல் 54 மாடி வரை எட்டு சொகுசுக் கோபுரங்கள். அவற்றோடு 29 மாடியில் குறைந்த விலை வீடுகள் கொண்ட ஒரே ஒரு கோபுரம். பக்கத்தில் வசிப்பவர்களும் கோண்டோ நிர்வாகக் குழுக்களும் அடுத்த மாதமே நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் 2018 நவம்பரில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் 2021 ஜனவரியில் ஜெயித்தார்கள். பிறகுதான் கூட்டரசு நீதிமன்றம்.

அந்த ஒற்றைக் கோபுரம் யாருக்கு என்பதில்தான் கதையின் பாரம் இருக்கிறது.

நீண்ட வீட்டில் 41 ஆண்டுகள்

அரசாங்கம் புக்கிட் கியாரா தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலும் தமிழர்கள். 1982-இல் அவர்களைப் பக்கத்திலேயே நீண்ட வீடுகளுக்கு மாற்றினார்கள். நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகம் என்று சொல்லப்பட்டது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசை வீடுகள். தோட்டத்து லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு. சுமார் 100 குடும்பங்கள்.

கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்தத் தற்காலிகத்துக்கு 41 வயது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்திருந்தன. அதே புக்கிட் கியாராவில் இதற்கிடையே கோல்ஃப் திடல் வந்தது, குதிரையேற்ற கிளப் வந்தது.

இப்போது அந்தத் திட்டம் எப்படி முன்வைக்கப்பட்டது என்று யோசியுங்கள். நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு வீடு வேண்டுமா? வேண்டும். அப்படியானால் எட்டு சொகுசுக் கோபுரங்களும் வேண்டும், ஏனென்றால் அந்த லாபத்தில்தான் இந்த வீடுகள். பூங்காவைக் காக்க நினைத்தவர்கள் ஏழைகளின் வீட்டைத் தடுப்பவர்களாகத் தெரிந்தார்கள். வீடு கேட்டவர்கள் பார்க்கை விற்பவர்களாகத் தெரிந்தார்கள். பல ஆண்டுகள் ஒரே தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த மக்களை இப்படி எதிரெதிராக நிறுத்தியது, என் பார்வையில், அந்த 54 மாடியைவிடப் பெரிய சேதம்.

உண்மையில் மோதல் அவர்களுக்குள் இல்லை. இரண்டு தரப்புக்கும் வாக்குக் கொடுத்தது ஒரே அரசாங்கம். "இது பூங்காவாக இருக்கும்" என்றது ஒரு வாக்கு. "உங்களுக்கு வீடு தருவோம்" என்றது இன்னொரு வாக்கு. முதலாவது கெஜட்டில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதற்கு அப்படிப்பட்ட எழுத்து பலம் இல்லை. நீதிமன்றத்தில் எது நின்றது என்று பாருங்கள்.

நீதிமன்றம் சொன்னது என்ன?

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். ஒருமனதான தீர்ப்பு. டி.பி.கே.எல். தரப்பு வாதத்தை எளிமையாகச் சொன்னால் இதுதான்: கட்டமைப்புத் திட்டம் ஒரு வழிகாட்டி மட்டுமே, அதிலிருந்து விலகி முடிவெடுக்க டத்தோ பண்டாருக்கு அதிகாரம் உண்டு.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். டத்தோ பண்டார் நினைத்தபடி அதை ஒதுக்கிவிட முடியாது. விலகத்தான் வேண்டும் என்றால் அதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தைச் சொல்லவும் வேண்டும் என்றது. பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களுக்கு வழக்குப் போடும் உரிமை உண்டு, அனுமதி கொடுப்பதற்கு முன் அவர்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்றது. இன்னொரு விஷயம்: அனுமதி கேட்ட அறவாரியத்தின் நிர்வாகத்திலும் டத்தோ பண்டார் இருந்தார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மேசையில் இருந்தால் அதை நலன் முரண்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

அனுமதி ரத்தானது.

"பிளான்ல போட்டிருந்தாங்களே" என்ற நம் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது: கெஜட் ஆன பிளான் என்றால், அது அரசாங்கத்தையும் கட்டும். கோலாலம்பூரில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. இங்கே மாநகரத் தலைவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன, பிறகு திரும்பவில்லை. கே.எல்.-க்கு 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்து நிலத்தில் எத்தனை மாடி என்பதை முடிவு செய்வது அவர்கள் இல்லை. முடிவு பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம் என்ற வழி இல்லாத ஊரில், எழுதி வைத்த திட்டம்தான் மக்களின் கையில் இருக்கும் பிடி.

நீண்ட வீட்டுக் குடும்பங்கள்? தீர்ப்பு அவர்களுக்கு வீடு தரவில்லை. அது வழக்கின் கேள்வியே இல்லை. தீர்ப்புக்குப் பிறகு, பூங்காவைத் தொடாமல் நீண்ட வீடு நிற்கும் நிலத்திலேயே வீடு கட்டும் யோசனை முன்னுக்கு வந்தது. பூங்காவுக்காகப் போராடியவர்கள் முன்பே சொல்லிவந்த யோசனைதான் அது. அப்படியென்றால் அந்த எட்டுக் கோபுரங்கள் உண்மையில் யாருக்குத் தேவைப்பட்டன என்ற கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

ஒரு சின்ன விலகல். 1881-இல் கோலாலம்பூரைத் தீ எரித்தது, அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அப்போது வீடுகள் மரமும் அத்தாப்பும். அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் நாம் இன்று வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போகும் பிரிக்ஃபீல்ட்ஸ். காலனி அதிகாரியைப் புகழ்வது நோக்கமில்லை. "முடிந்தால் செங்கல்லில் கட்டுங்கள், நல்லது" என்று ஒரு விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்தியிருந்தால் அந்தச் சூளைகள் வந்திருக்குமா என்பதுதான் விஷயம்.

அரசாங்க அலுவலகத்துக்குள்ளும் இதே கதை

பசுமைத் திட்டம் என்றால் பூங்கா மட்டும் இல்லை. அரசாங்கம் தன் கட்டடங்களை எப்படி நடத்துகிறது, எதை வாங்குகிறது, எவ்வளவு மின்சாரம் எரிக்கிறது என்பதும் அதில் அடக்கம். அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோன் 24 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்ற உத்தரவு பல வருஷமாக இருக்கிறது. நீங்கள் எந்த கவுண்ட்டருக்காவது நம்பர் எடுத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தால், உத்தரவுக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் உங்கள் எலும்புக்கே தெரியும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம், 2010-இல் கட்டப்பட்ட வைரக் கட்டடம். தலைகீழ்ப் பிரமிட் வடிவம். சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல் கொடுக்கிறது. தளத்துக்குள் பதித்த குழாய்களில் இரவில் குளிர்ந்த நீரை ஓட்டி கான்கிரீட்டையே குளிர்விக்கிறார்கள். பகலில் அது மெதுவாகக் குளிர்ச்சியை விடுகிறது. வழக்கமான அலுவலகக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் ஒரு சதுர மீட்டருக்குப் பாதிக்கும் குறைவான மின்சாரம். நம் வெயிலுக்கு இது முடியும் என்று நாமே நிரூபித்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஒரு நல்ல கட்டடத்தைக் காட்டினால் மற்றவர்கள் தானாகப் பின்பற்றுவார்கள் என்று எதிர்பார்த்தால், அது நடப்பதில்லை.

அதனால் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் எரிசக்திச் செயல்திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் கவனிக்க வேண்டியது. மிக அதிகமாக எரிசக்தி பயன்படுத்துவோர் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், தணிக்கைக்கு உட்பட வேண்டும். 8,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்கள் எவ்வளவு எரிக்கின்றன என்பதைக் காட்டும் லேபிளைப் பெற வேண்டும். பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் போல ஒன்று, முழுக் கட்டடத்துக்கும். மீறினால் அபராதம். சுற்றறிக்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது.

கிள்ளான் பக்கம் வருவோம்

எழுதாத திட்டம் எவ்வளவு சுலபமாகக் கரையும் என்பதற்கு கிள்ளான்காரர்களுக்கு ஒரு ஸ்டேஷன் உதாரணம் போதும். பண்டார் உத்தாமாவிலிருந்து ஜோஹான் செத்தியா வரை 37.8 கிலோமீட்டர் ஓடும் எல்.ஆர்.டி. 3 பாதை. 2018-இல் ஆட்சி மாறியதும் செலவை 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடிக்குக் குறைத்தார்கள். அதில் ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. கிள்ளான் வட்டாரத்தின் புக்கிட் ராஜா, பண்டார் பொட்டானிக் இரண்டும் அதில் அடக்கம். 2023 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட பட்ஜெட்டில் ஐந்தும் திரும்பி வந்தன, 470 கோடி ரிங்கிட் கூடுதல் செலவில். சிக்கனம் பார்த்த அன்று கடன் சுமை உண்மையிலேயே பெரிதாக இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் நிலையம் வரும் என்று நம்பி அங்கே வீடு வாங்கியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கெஜட் ஆகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் இல்லை. எழுதியதை அழிக்கவும் முடியும். கோல லங்காட் வடக்குக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளானுக்குத் தெற்கே இருக்கும் கரிச்சதுப்புக் காடு. தெமுவான் பூர்வக்குடி மக்களின் வாழ்விடம். கரிமண் என்பது ஒரு பெரிய பஞ்சு. ஈரமாக இருக்கும்வரை வெள்ளத்தைத் தாங்கும், காய்ந்தால் அடியிலிருந்தே எரியும். புகைமூட்ட நாட்களில் அந்த வாசனை நமக்குப் பழக்கம். 2020 பிப்ரவரியில் அதில் 931 ஹெக்டரைக் காப்புக்காடு பட்டியலிலிருந்து நீக்க சிலாங்கூர் அரசு அறிவிப்புக் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். 2021 ஆகஸ்ட் கடைசியில், 536 ஹெக்டருக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி சட்டமன்றத்தில் வெளியானது. எதிர்ப்பு வெடித்தது. அடுத்த பத்தே நாளில், செப்டம்பர் 8-ஆம் தேதி, மந்திரி பெசார் டத்தோஸ்ரீ அமிருடின் ஷாரி அந்த முடிவு ரத்து என்று அறிவித்தார்.

பத்து நாளில் திரும்பப் பெற வைத்தது எது? ஆட்சேபங்கள் ஏற்கெனவே எழுத்தில் இருந்தன. "யாரும் எதுவும் சொல்லவில்லையே" என்று சொல்ல வழி இருக்கவில்லை.

அப்படியானால் எப்போது பேச வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். பலகை நட்ட பிறகு, தகர வேலி போட்ட பிறகு, பக்கோ வந்த பிறகு ஃபேஸ்புக்கில் பொங்குகிறோம். அது கடைசி நிறுத்தம்.

கோலாலம்பூரின் புதிய கட்டமைப்புத் திட்டம் 2023-இல் வந்தது. அதைத் தொடர்ந்த உள்ளூர்த் திட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் 2040 வரைக்கானவை. போன முறை பத்து வருஷம் இழுத்ததை நினைத்தால் இது முன்னேற்றம்தான். பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ நீங்கள் இருக்கும் தெருவை அந்த வரைபடத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள். பக்கத்துத் திடல் பச்சையாக இருக்கிறதா, வேறு நிறமா? பச்சையாக இருந்தால் உங்களுக்கு ரிம்பா கியாரா தீர்ப்பு துணை. இல்லை என்றால், அது பல வருஷமாகத் திடலாக இருக்கிறது என்பது மட்டும் அதைக் காப்பாற்றாது.

கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா எல்லாம் சிலாங்கூர். அங்கே வேறு சட்டம், 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. ஒரு பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லை என்றால், புதிய மேம்பாட்டு விண்ணப்பம் வரும்போது பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். உள்ளூர்த் திட்டம் வந்துவிட்டால் இந்தக் கட்டாயம் கிடையாது. மக்களின் கருத்தைத்தான் வரைவுக் கட்டத்திலேயே கேட்டுவிட்டோமே என்பது சட்டத்தின் தர்க்கம். தப்பு என்று சொல்ல முடியாத தர்க்கம்தான். ஆனால் வரைவு வைக்கப்பட்ட அந்தச் சில வாரங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பெரும்பாலும், அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் ஃபெடரல் ஹைவே ஜாமில்.

கிள்ளான் 2024 பிப்ரவரி 5 முதல் அரச மாநகர் மன்றம். பெயர் பெரிதாகியிருக்கிறது, திட்டங்களும் பெரிதாகும். மாநகர் மன்றத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பின்தொடர்வது கொஞ்சம் போர்தான். "ரஞ்சாங்கான் தெம்பாத்தான்" என்ற சொல்லோடு "பப்ளிசிட்டி", "பந்தாஹான்" போன்ற சொற்கள் வந்தால் மட்டும் நிறுத்திப் படியுங்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு, அதற்கான ஆட்சேபம் என்று அர்த்தம்.

இன்னும் ஒன்று. மேலே சொன்ன 21 நாள் அறிவிப்பு நில உரிமையாளருக்குத்தான் போகும். நீங்கள் வாடகைக்கு இருந்தால் அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்காரருக்குப் போகும். அவர் பினாங்கில் இருக்கலாம். நீண்ட வீட்டில் இருப்பவருக்கும் குவாட்டர்ஸில் இருப்பவருக்கும் அது போகவே போகாது. ஆனால் வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க நிலப்பட்டா தேவையில்லை. பெயர், முகவரி, எந்த நிலம், என்ன காரணம் என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதினால் போதும். வீட்டில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுங்கள். நேரில் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.